எழிலரசி, வலது கால்

ஒரு சொட்டு ரத்தம்கூடக் கொடுக்காமல் அட்டைப் பூச்சியில் டாக்டர் பட்டம் வாங்கப்போகும் முதல் மனிதன் தான்தான் என்று, 2007 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், சிதம்பரம் கீழவீதி டீக்கடை வாசலில், கையில் இரண்டாவது போண்டாவுடன் ஆன்டோ அறிவித்தான். அறிவித்துவிட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்பரசு நிம்மதியாக டீயைக் குடித்திருப்பான்.

அன்பரசு வேதியியல் ஆராய்ச்சி மாணவன், விடுதியில் ஆன்டோவின் அறைத் தோழன். உலகம் முழுக்க எத்தனை பேர் இதற்குப் போட்டி போடுகிறார்கள் என்று கேட்டான். அது முக்கியமில்லை என்றான் ஆன்டோ. அட்டை ஆராய்ச்சி என்றாலே குளத்தில் காலை விட்டுக்கொண்டு நிற்பது என்று நூற்றைம்பது வருடமாக ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, அதை ஒழிக்கவே தான் வந்திருப்பதாகச் சொன்னான். "இது டிஎன்ஏ காலம் மச்சான். ஏசி ரூமு, கையில கிளவுஸு. அட்டை யாரு, அதோட பங்காளி யாரு, எப்பப் பாகம் பிரிஞ்சாங்க, எல்லாத்தையும் உக்காந்த இடத்துல சொல்லிடுவேன். கால் நனைய வேண்டியதில்ல."

உண்மையில் ஆன்டோ அட்டையைத் தேடிப் போனவன் இல்லை. புலியை ஆராயத்தான் விண்ணப்பித்தான். துறையில் புலிக்கு இடமில்லை, அட்டைக்கு ஒரு இடம் காலி என்றார்கள். கடலூர் முதுநகரில் மின்வாரிய லைன்மேனாக இருந்த அவன் அப்பா தேவசகாயம், எதுவானாலும் உயரத்தில் ஏறாத வேலையாக இருந்தால் சரி என்று சம்மதித்தார். அம்மா சவரிமேரி கோயில் பூசைக்கு வரும் பெண்களிடம் மகன் புலி டாக்டருக்குப் படிப்பதாகவே கடைசிவரை சொல்லிவந்தாள். திருத்தப் போனவனிடம், ரத்தம் குடிக்கிற விஷயத்தையெல்லாம் பெண் பார்க்கிற நேரத்தில் வெளியே சொல்ல முடியாது என்று வாயை அடைத்துவிட்டாள்.

துறைத் தலைவரும் அவனுடைய நெறியாளருமான பேராசிரியர் ஞானசேகரன், 1986இல் ஒரு கட்டுரை எழுதியவர். கடலூர் வட்டாரத்துக் குளங்களில் இருக்கும் பெரிய அட்டைகள் எல்லாம் ஒரே இனம்தான் என்பது அதன் முடிவு. அதற்குப் பிறகு அவர் வேறு கட்டுரை எழுதவில்லை, எழுதத் தேவையும் ஏற்படவில்லை. அந்த ஒன்றின் பிரதி சட்டம் போட்டு அவர் அறைச் சுவரில் தொங்கியது. அறையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருநூற்றுப் பதினான்கு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் பார்மலினில் ஊறிய ஓர் அட்டை. உயிரோடு பார்மலினில் போட்டதால் அத்தனையும் சுருண்டு இறுகிக் கொட்டைப்பாக்காக இருந்தன. பார்வையாளர்கள் வந்தால், எது தலை எது வால் என்று பேராசிரியர் மட்டும் அடையாளம் காட்டுவார். யாரும் மறுத்துப் பேச வழியில்லை.

துறையில் அட்டைக்காக வேலை செய்த இன்னொரு ஆள் எழிலரசி. ஆன்டோவுக்கு ஐந்து வருடம் மூத்தவள். வாரத்தில் மூன்று நாள், பை நிறைய ஊறுகாய் பாட்டில்களோடு டவுன் பஸ் ஏறிப் புவனகிரிப் பக்கம் போவாள். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாங்கல் எனப்படும் சிற்றேரித் தண்ணீரில் இறங்கி நிற்பாள். காலால் தண்ணீரை மெல்ல அளைந்தபடி "வா தாயி, வா" என்று கூப்பிடுவாள். அட்டை வந்து காலில் பற்றினால் பிடுங்க மாட்டாள். பிடுங்கினால் அதன் தாடை கிழிந்துவிடும். குடித்து முடித்துத் தானாக விழும்வரை அரை மணியோ முக்கால் மணியோ நின்று, விழுந்ததைப் பாட்டிலில் எடுப்பாள். கரைக்கு வந்ததும் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் சேர்ப்பாள். ஒரு மணி நேரத்தில் அட்டை போதை ஏறினாற்போல் உடம்பைத் தளர்த்தி நீட்டிக்கொண்டு படுக்கும். அப்போதுதான் வயிற்றுப் பக்கம் ஆண் துளையும் பெண் துளையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வளையம் என்று லென்ஸ் வைத்து எண்ணுவாள்.

எண்ணியதும் பென்சிலால் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுவாள். பேனாவில் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், தேதி, வளையம் எத்தனை, எதன் ரத்தம் குடித்தது என்று நான்கு வரி. நாலாவது வரியில் எப்போதும் ஒரே பதில்தான்: எழிலரசி, வலது கால்.

ஆன்டோவுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் ஊற்ற வந்தவரிடம் "வா தாயி" என்று தட்டை நீட்டினான். துறை வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேராகப் பென்சிலால் "இடது கை" என்று எழுதிவைத்தான். இருபத்தோராம் நூற்றாண்டில் வளையம் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குத் தேரடியில் வளையல் கடை வைத்துத் தரலாம் என்றான். எழிலரசி ஒருநாள் நிமிர்ந்து அவனைப் பார்த்து, "எண்ணத் தெரியாதவங்கதான் ஜாஸ்தி பேசுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, லென்ஸில் மறுபடி குனிந்துகொண்டாள்.

அவள் எண்ணியதில் ஒரு சிக்கல் இருந்தது. சில அட்டைகளில் ஐந்து வளையம், சிலவற்றில் ஏழு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்றுகூட இல்லை. அதாவது இனம் ஒன்றில்லை, இரண்டு. இதை ஓர் அத்தியாயமாக எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அத்தியாயம் எட்டு மாதம் அவர் மேசையில் கிடந்தது. பிறகு ஒரு தட்டச்சுத் தாளோடு திரும்பிவந்தது: "இவ்வட்டாரத்துக் குளத்தட்டைகள் அனைத்தும் ஒரே இனமே என்பதை எனது ஆய்வும் உறுதி செய்கிறது." கீழே கையெழுத்துக்கு இடம். வீட்டில் இரண்டு தங்கைகள், கையில் அரசுப் பள்ளி வேலைக்கான உத்தரவு. 2008இல் எழிலரசி அத்தியாயத்தை எடுத்துவிட்டாள், தாளில் கையெழுத்துப் போட்டாள், பட்டம் வாங்கினாள், மேல்பட்டாம்பாக்கத்தில் டீச்சராகப் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுச்சென்ற பாட்டில்களில் எல்லாம், பாதுகாப்புக் கருதி என்று பேராசிரியர் பார்மலினை ஊற்றிவைத்தார்.

போகிற அன்று அவள் ஆன்டோவைக் கூப்பிட்டு நான்கு பாட்டில்களைத் தனியாகக் கொடுத்தாள். நான்கும் ஏழு வளையம், நல்ல ஆல்கஹாலில் இருந்தவை. ஆன்டோ அப்போது தலைகீழாகத்தான் நின்றுகொண்டிருந்தான். அருங்காட்சியக ஜாடிகளில் இருந்தே டிஎன்ஏ எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்திருந்தான். பார்மலினில் ஊறிய உடம்பில் டிஎன்ஏ உருப்படியாக மிஞ்சாது என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வருடமும் அறுபது கொட்டைப்பாக்குகளில் சுரண்டிய சதையும் செலவாகியிருந்தன.

"வயித்துல கைய வெச்சிடாத. வால் பக்கம் ஒட்டிக்கிற வட்டம் இருக்குல்ல, அதுல துளி எடுத்தா போதும்" என்றாள் எழிலரசி.

தலையை ஆட்டினான். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனதும் யோசித்தான். வாலில் துளியூண்டு சதை. நடு உடம்பில் எவ்வளவு சதை! குளத்தில் நின்றவர்களுக்கு டிஎன்ஏ பற்றி என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டு, நான்கையும் கழுத்துக்குக் கீழே நறுக்கி நடு உடம்பைக் கூழாக அரைத்தான்.

2009 ஏப்ரலில் அவனுக்கு இரண்டு வருடம் முடிந்தது. இரண்டு வருடம் முடிந்தால் ஒரு குழு உட்காரும். மாணவன் செய்ததைக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் உதவித்தொகையை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சென்னையில் இருந்து டாக்டர் அமிர்தம் என்ற அம்மையார் வெளி நிபுணராக வந்திருந்தார். அதற்கு முதல் நாள்தான் ஆன்டோ அனுப்பிய மாதிரியின் டிஎன்ஏ எழுத்து வரிசை மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. வரிசையை உலகத் தரவுத்தளத்தில் ஒட்டினால் அது எந்த உயிரோடு ஒத்துப்போகிறது என்று காட்டிவிடும். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஒட்டிப் பார்த்திருப்பார்கள். ஆன்டோ குழுவின் கண்முன் ஒட்டுவதற்காக வைத்திருந்தான். அட்டையின் வம்சம் திரையில் விரிவதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

இணையம் மெதுவாக வந்தது. ஆன்டோ அந்த நேரத்தை வீணாக்காமல், காலை நனைத்து ஆராய்ச்சி செய்த காலம் இன்றோடு முடிகிறது என்று ஒரு சிறிய உரை நிகழ்த்தினான். திரையில் முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம். மனிதன்.

பேராசிரியர் ஞானசேகரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நிதானமாகப் படித்தார். இனம் ஒன்று என்றுதான் தானும் சொல்லிவந்ததாகவும், ஆனால் அந்த ஒன்று இதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்கள். அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கேட்டு வாங்கினார், உள்ளே கிடந்த சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"எழிலரசிங்கிறது யாரு?"

"சீனியர் மேடம்."

"அந்தப் பொண்ணோட டிஎன்ஏவைத்தான் இவ்ளோ நேரம் பாத்துட்டிருந்தோம். சீட்டுல எழுதியே வெச்சிருக்காளே. படிக்க மாட்டியாப்பா?"

மூன்று வாரம் கொடுத்தார்கள். அதற்குள் மனிதக் கலப்பில்லாத அட்டை டிஎன்ஏவோடு வர வேண்டும்.

மறுநாள் காலை பேராசிரியர் அவனை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேசையில் தட்டச்சுத் தாள் தயாராக இருந்தது. அதே வாசகம், அதே இடம். இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று வாரமெல்லாம் வேண்டாம், குழுவிடம் தானே பேசிக்கொள்வதாக அன்பாகச் சொன்னார். எழிலரசி போடவில்லையா என்று கேட்டார்.

ஆன்டோ தாளைப் பார்த்தான். அதுவரை அவனுக்கு இனம் ஒன்றா இரண்டா என்பதில் பெரிய அக்கறை ஏதும் இருந்ததில்லை. டிஎன்ஏ எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு போய்விடுவதாகத்தான் இருந்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருநூற்றுப் பதினான்கு ஜாடிகள் இருப்பது நினைவுக்கு வந்தது. அத்தனையும் கொட்டைப்பாக்கு. அவற்றில் ஒன்றில்கூட வளையத்தை எண்ண முடியாது. அப்படியானால் 1986இல் எதை எண்ணி எழுதினார்கள்? இந்தக் கேள்வி வந்த மாத்திரத்தில் அவனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"அக்கா எண்ணிட்டுப் போட்டாங்க சார். நான் இன்னும் எண்ணவே இல்ல. எண்ணாம எப்படி சார் போடறது?"

"எண்ணி?"

"அஞ்சு வந்தா ரெண்டு கையெழுத்தா போடறேன் சார். ஏழு வந்தா போட மாட்டேன்."

"அப்ப ஒன் ஃபெல்லோஷிப்?"

"அது ஒங்க கையில சார். வளையம் அட்டை கையில இருக்கு."

பேராசிரியர் இருபத்து மூன்று வருடத்தில் அந்த அறையில் கேட்டிராத தொனி அது. எழுந்து போகச் சொன்னார். ஆன்டோ எழுந்தான், தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், பத்திரமாக வைத்திருப்பதாக உறுதி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வெளியே வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. எண்ணுவதற்கு அட்டை இல்லை. எழிலரசி கொடுத்த நான்கிலும் வளையம் இருக்கும் பகுதியைத்தான் அவன் கூழாக்கியிருந்தான். மற்றவை பார்மலினோடு பேராசிரியரின் பூட்டுக்குள் இருந்தன. மேல்பட்டாம்பாக்கத்துக்கு செல்போனில் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னான். மறுமுனையில் எழிலரசி முழுதும் கேட்டாள். பின்னால் பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

"நான் கையெழுத்துப் போட்டு மூணு நாள் சாப்பிடல ஆன்டோ. நாலாம் நாள் சாப்பிட்டேன். நீயும் போட்டுட்டுப் பொழப்பப் பாரு" என்றாள்.

"போட மாட்டேன்க்கா. ஏழு எங்க கெடைக்கும், அத மட்டும் சொல்லு."

சொன்னாள். புவனகிரிக்கு மேற்கே ஒரே ஒரு தாங்கலில்தான் அது இருக்கிறது. மாட்டு அட்டை எல்லாக் குளத்திலும் கிடைக்கும், அது ஐந்து. இது மனுசக் காலுக்குத்தான் வரும். வெயிலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், மே பிறந்து ஒரு வாரம் தாண்டினால் தாங்கல் வெறும் சேறு. வலை போட்டுப் பார்த்து ஏமாறாதே, டிஎன்ஏவுக்கு இந்த முறையாவது வாலில் துளி எடு என்றும் சொன்னாள்.

ஆன்டோ வலை போட்டுப் பார்த்தான். அவனுக்கென்று ஒரு கொள்கை இருந்ததால் அவ்வளவு சீக்கிரம் காலை விட முடியவில்லை. முதல் வாரம் வலையில் கெண்டைக் குஞ்சும் ஒரு ரப்பர் செருப்பும் வந்தன. இரண்டாம் வாரம் ஆட்டு ஈரலைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டான். நண்டுகள் வந்து பாதியைத் தின்றன. மீதியை ஒரு நாய் சாக்கோடு இழுத்துக்கொண்டு ஓடியது. அன்பரசுவை அழைத்துப்போய், அறிவியலுக்காகப் பத்து நிமிடம் நின்றால் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பேன் என்றான். அன்பரசு தண்ணீரைப் பார்த்தான், ஆன்டோவைப் பார்த்தான், அடுத்த பஸ்ஸில் சிதம்பரத்துக்குத் திரும்பிவிட்டான்.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை ஆன்டோ தனியாக வந்து இறங்கினான். தாங்கல் பாதிக்குமேல் வற்றி, நடுவில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் பழுப்பாகக் கிடந்தது. எருமைகளை ஓட்டிவந்த சின்னையன் என்ற பெரியவர், கரையில் வேப்ப நிழலில் உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டிருந்தார். வலைக்காரத் தம்பி என்று அவனை இரண்டு வாரமாகப் பார்த்து வைத்திருந்தார்.

"இன்னிக்கு வலை இல்லியா தம்பி?"

"இல்லீங்க."

"முன்னாடி ஒரு டீச்சரம்மா வந்து நிக்கும். அந்தா, அந்தக் கோரை ஓரமா. அங்கதான் ஜாஸ்தி."

ஆன்டோ அந்தப் பக்கம் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினான். ஒரு பக்கம் அவிழ்ந்து விழுந்தது, மறுபடி சுருட்டினான். சேற்றில் வழுக்காமல் கோரை ஓரம் போய் நின்றான். தண்ணீர் மேலே சூடாகவும் அடியில் குளிர்ந்தும் இருந்தது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. எழிலரசி சும்மா நிற்க மாட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. காலால் தண்ணீரை மெல்ல அளைந்தான். பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தான். சின்னையன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். எருமைகள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வா தாயி" என்றான், தனக்கே கேட்காத குரலில். "வா."

ஆடுசதையில் ஈர விரல் ஒன்று வைத்தது போல் இருந்தது. வலி இல்லை. குனிந்து பார்த்தான். பச்சையும் கறுப்புமாக, விரல் நீளத்துக்கு, வாலையும் வாயையும் ஊன்றி வளைந்துகொண்டிருந்தது. கை தானாகப் பிடுங்கப் போனது. கையைப் பின்னுக்கு இழுத்து முதுகில் கட்டிக்கொண்டான். அப்படியே நாற்பது நிமிடம் நின்றான். அட்டை தடித்தது, பளபளத்தது, போதும் என்று பட்டபோது தானாக விழுந்தது. ஆன்டோ அதை ஊறுகாய் பாட்டிலில் ஏந்திக்கொண்டு கரையேறினான். காலில் ரத்தம் நிற்காமல் ஓடிக் குதிகாலில் சொட்டியது. அட்டை கடித்தால் உறையாது என்று அவன் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான்.

கொஞ்சம் தண்ணீர் விட்டு, சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் சேர்த்தான். அவசரப்பட்டு ஊற்றினால் இதுவும் கொட்டைப்பாக்காகிவிடும். ஒரு மணி நேரம் ஆயிற்று. அட்டை தளர்ந்து நீண்டு படுத்தது. வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி லென்ஸை வைத்தான். மேலே ஆண் துளை. கீழே பெண் துளை. நடுவில், நகத்தின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஏழு. நம்பாமல் கீழிருந்து மேலாக எண்ணினான். ஏழு.

சீட்டு எழுதத் தாள் கொண்டுவரவில்லை. சட்டைப் பையில் நான்காக மடித்த தட்டச்சுத் தாள் இருந்தது. கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தை நேர்கோடாகக் கிழித்தெடுத்தான். பென்சிலை நாக்கில் தொட்டு, தொடையில் வைத்து எழுதினான். இடம் எழுதினான், தேதி எழுதினான். வளையம்: ஏழு. நாலாவது வரியில் பென்சில் சற்று நின்றது. கரையில் சின்னையன் புரண்டு படுத்தார்.

ஆன்டோ, இடது கால்.

சீட்டைப் பாட்டிலுக்குள் போட்டு மூடினான். இன்னும் மூன்று பாட்டில் காலியாக இருந்தது. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினான்.